வலிப்பு நோயும் வியர்வையும்

வலிப்பு நோய் உள்ளவர்கள் மோதி விளையாடும் ஆட்டங்களில் இறங்கக் கூடாது என்று 1968-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அறிவுறுத்தியது. 1974-இல் அதுவே அந்த அறிவுரையைத் தளர்த்திக்கொண்டது. 2016-இல் வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவக் கூட்டமைப்பு விளையாட்டுகளை அபாயத்தைக் கொண்டு மூன்றாகப் பிரித்தபோது, தடகளப் போட்டிகளில் பெரும்பாலானவை கூடுதல் அபாயம் இல்லாத முதல் பிரிவில் இடம்பெற்றன. பாராசூட்டும் மோட்டார் பந்தயமும் கடைசிப் பிரிவுக்குப் போயின. வீடுகளில் மட்டும் "ஓடாதே, மூச்சு வாங்கும்" என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுக்கும்போது சில நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, சில நொடி நினைவு தப்பும் வகை வலிப்பு அப்போது வரும். ஆனால் அது உட்கார்ந்த இடத்தில் வலிய விடும் மூச்சு. ஓடும்போது தசைகளே கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. மூச்சு வேகமெடுப்பது அதை வெளியேற்றத்தான்.

1994-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று எனக்கு மிக முக்கியமானது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள 15 பெண்கள், வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம், 15 வாரம் ஏரோபிக் நடனமும் தசைப் பயிற்சியும் செய்தார்கள். அந்தக் காலத்தில் வலிப்பு குறைந்ததாக அவர்களே எழுதிவைத்த குறிப்புகள் காட்டின. தசைவலியும் தூக்கக் கோளாறும் அசதியும் குறைந்தன. வகுப்பு முடிந்தது, தனியாகத் தொடர அவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை, கிடைத்த பலனும் நிலைக்கவில்லை.

15 பேரை வைத்து உறுதியாக எதுவும் சொல்லிவிட முடியாது. பயிற்சி செய்பவர், செய்யாதவர் என இரு குழுக்களாக நூற்றுக்கணக்கானோர் வேண்டும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தும் பயிற்சி பற்றிய ஆய்வுகள் சிறியவையாகவே இருக்கின்றன. ஆய்வுக்கு ஆள் சேரவில்லை என்றால் நோயாளிகளுக்கு விருப்பமில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். வலிப்பு அடங்காதவர் பல நாடுகளில் வண்டி ஓட்ட முடியாது. வாரம் இருமுறை பயிற்சிக்கூடத்துக்கு அவரை யார் கூட்டிப்போவது? அறியாதவர்கள் நடுவே விழுந்துவிட்டால் என்ற கூச்சத்தை எங்கே வைப்பது? இந்தத் தடைகளைத் தாண்டி வருபவர்கள் பெரும்பாலும் நோய் கட்டுக்குள் இருப்பவர்கள்தான். அப்போது முடிவும் அவர்களைப் பற்றியதாகிவிடுகிறது. பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரியவருகிறது.

ஆகவே ஆய்வைத் திட்டமிடும்போதே நோயாளிகளைக் கேட்க வேண்டும். வீட்டிலேயே காணொளி வழியாகப் பயிற்சி தரலாமா, போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பாரா? ஆய்வு முடிந்த பிறகும் வகுப்பு நடக்க வேண்டும். அதற்கான பணம் செலவுக் கணக்கில் முதலிலேயே இருக்க வேண்டும்.