வீட்டை அளந்து வைப்போம்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசுவோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சையும் சொல்லி வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். அவ்வீடுகளை அளந்து, வரைந்து, எழுதி வைக்கும் வேலை ஏன் வேண்டும், அதை எவ்வாறு செய்வது என்பதை, கோடை விடுமுறையில் கானாடுகாத்தானில் அவ்வேலையில் ஈடுபட்டவன் என்ற முறையில் இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் வீட்டின் அமைப்பு. தெருவாசலில் நின்றால் பார்வை பின்கட்டு வரை நேராக ஓடும். இருபுறமும் திண்ணையுடைய முகப்பு, அடுத்து, முற்றத்தைச் சுற்றித் தூண்களும் அறைகளும் அமைந்த வளவு, அப்பால் பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. முகப்பில் ஆண்கள் வணிகம் பேசினர். பின்கட்டு பெண்களின் ஆட்சியில் இருந்தது.

வளவில் உள்ள அறைகளே முக்கியமானவை. நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. அவனுக்கு வளவில் அறை உண்டு. 'வேறு வைத்த' பிறகு அவன் குடும்பத்துக்குச் சமையலும் தனி. ஒரே கூரையின்கீழ்ப் பல குடித்தனங்கள்! ஆகவே, எந்த அறை யாருடையது என்று குறித்த வரைபடம் அக்குடும்பத்தின் வமிச விளக்கமும் ஆகும்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின், இவ்வீடுகளைக் கட்டிய வணிகம் நொடித்தது. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், பலர் வெளியூரில். ஓடு மாற்றவும் பணம் திரட்ட முடியாதபோது வீட்டைப் பிரித்து விற்கின்றனர். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் தூணையும் நிலையையும் வாங்கலாம். அத்தூண் எந்த வளவில், எவர் அறைமுன் நின்றது என்பது அங்கே கிடைக்காது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அது முதற்படிதான், தனி வீடு எதற்கும் அதனால் காவல் கிடைத்துவிடாது.

இனி, செய்முறை. இரண்டு பேரும் ஓர் அளவு நாடாவும் போதும். ஒருவர் அளக்க, மற்றவர் எழுத வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் தரைப்படம் வரைந்து வடக்கைக் குறியுங்கள். அறையின் நான்கு சுவர்களோடு மூலைவிட்டத்தையும் அளந்தால், அறை கோணலா என்பது தெரிந்துவிடும். அடுத்து, முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு வெட்டுப்படம். கூரைச் சரிவும் மழைநீர் செல்லும் வழியும் அதில்தான் விளங்கும். படம் பிடிக்கும்போது பொருளின் பக்கத்தில் அளவுகோலை வையுங்கள். தரை ஆத்தங்குடிக் கல்லா, சலவைக்கல்லா, பிற்காலத்துச் சிமெண்டா என்று அறைதோறும் எழுதுங்கள்.

பிறகு வீட்டிலுள்ள ஆச்சியிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வோர் இடத்தையும் அவர்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்களோ, அப்பெயரையே படத்தில் எழுதுங்கள். கண்டு அறிந்ததையும் கேட்டு அறிந்ததையும் தனித்தனியே குறிக்க வேண்டும். வீட்டார் அனுமதியின்றி எதையும் வெளியிடலாகாது. பெட்டகம் இருக்கும் அறையைப் படத்தில் காட்டவே வேண்டாம்.

ஒரு நகலை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். நாளை வீட்டைச் செப்பனிட நினைத்தால் கொத்தனாருக்கு அது வழிகாட்டும். பிரித்தே விட்டாலும், அங்கே பிறந்தவர்கள் தங்கள் அறை எது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அந்தத் தாளாவது இருக்கும்.

நண்பர்களே, நம்மில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு; அவ்வூரில் ஒரு பழைய வீடும் இருக்கும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஓர் அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள்.