மவுத் ஆர்கனுக்கு ஒரு மலைநாட்டுப் பெட்டி

மவுத் ஆர்கனை வாசித்து முடித்து உள்ளங்கையில் தட்டினால் சில துளி நீர் சிதறும். அது எச்சில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மூச்சிலிருந்து வந்த நீர். நாம் வெளியே விடும் காற்று ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீராவி நிறைந்து வருகிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 35 மில்லிகிராம் நீர் இருக்கும். மலேசியாவின் கேமரன் மலையில் மாலை நேரத்தில் வாத்தியத்தின் பித்தளைத் தகடு 18 டிகிரியில் கிடக்கிறது. 18 டிகிரிக் காற்று லிட்டருக்கு 15 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் நீராவியைத் தாங்கும். மிச்சமெல்லாம் தகட்டிலும், மூச்சில் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாக்குகளான ரீடுகளிலும் படிந்து நீராகிறது. கீழே கிள்ளானில் 30 டிகிரி அறையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு இந்தத் தொல்லை மிகவும் குறைவு. அதே வாத்தியத்தை மலைமேல் ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் ஒரு ரீடு மூச்சடைத்து நின்றுவிடும்.

வாசிக்கும்போது சேரும் நீரைத் தட்டி உதறிவிடலாம். வாத்தியத்தை மூடி வைத்த பிறகு நடப்பதுதான் கவலை. தானா ராத்தாவின் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். ஆண்டு மழை 2,600 மில்லிமீட்டருக்கும் மேல். விடிகாலைப் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர். அலமாரியில் தொங்கும் சட்டைக்கும் தோல் செருப்புக்கும் பூஞ்சை பிடிக்கிற இடத்தில், வாங்கும்போது உடன் வந்த பிளாஸ்டிக் உறையை நம்பி மவுத் ஆர்கனை வைப்பது சரியல்ல. இந்த மலைக்கு ஏற்ற பெட்டியை நாமே செய்துகொள்ள வேண்டும். செலவு சொற்பம். தேவைப்படுவது கொஞ்சம் இயற்பியல்.

ஈரத்தோடு போராடுவது இந்த மலைக்குப் பழக்கமான வேலை. ஜே. ஏ. ரசல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் இங்குள்ள தொழிற்சாலைகளின் பாதி உழைப்பு நீரை வெளியேற்றுவதில்தான் போகிறது. கொழுந்து பறித்து வரும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, வெப்பக் காற்றில் உலர்த்தி முடிக்கும்போது மிஞ்சுவது 3 சதவீதம் அளவு. அப்படி உலர்ந்த தூள் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு இழுக்கும். அதனால்தான் ஒருகாலத்தில் தேயிலை ஏற்றுமதியான பிளைவுட் பெட்டிகளுக்குள் உலோகத் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாள் வெளி ஈரத்தை உள்ளே விடாது. உள்ளே இருப்பது ஏற்கெனவே உலர்ந்தது. ஆகவே அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

மவுத் ஆர்கனுக்கு அது போதாது. அது பெட்டிக்குள் போகும்போதே நனைந்து போகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாறு வாத்தியங்கள் கொள்ளும் பெட்டியின் உட்கொள்ளளவு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 டிகிரியில் அந்தக் காற்று முழுவதையும் நீராவியால் நிரப்ப 23 மில்லிகிராம் நீர் போதும். ஒரு சொட்டு நீரின் எடை ஏறத்தாழ 50 மில்லிகிராம். அதாவது ரீடுக்கு அடியில் தங்கிவிட்ட அரைச் சொட்டு, காற்றுப் புகாத டப்பாவை ஒரே இரவில் நூறு சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுபோய்விடும். 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை முளைக்கத் தொடங்கும். அதற்குச் சோறு போடுவதும் நாமேதான்: தே தாரேக் (பால் தேநீர்) குடித்த வாயோடு வாசித்தால் சர்க்கரையும் பாலும் துளைகளுக்குள் போய்ச் சேர்கின்றன. வாசிக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள் என்று பழைய வாசிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

பூஞ்சையை அழகுக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. 2016இல் ‘தோராக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் ஒரு நோயாளியின் வரலாறு வெளியானது. நாள்தோறும் பேக்பைப் வாசித்த ஒருவருக்கு நுரையீரல் அழற்சி முற்றி, கடைசியில் உயிரே போனது. அவருடைய வாத்தியத்துக்குள் பலவகைப் பூஞ்சைகள் இருந்தன. அபூர்வமான நிகழ்வுதான். ஆனால் பேக்பைப்பில் காற்றை உள்ளே ஊதுவதோடு சரி. மவுத் ஆர்கனில் பாதிச் சுரங்கள் மூச்சை உள்ளிழுத்து எழுப்புபவை. பெட்டிக்குள் வளர்ந்ததை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறோம்.

ஆக, இந்தப் பெட்டிக்கு வேலை இரண்டு: வெளி ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பது, உள்ளே வந்த ஈரத்தைக் குடித்துவிடுவது. தகரமும் பிளாஸ்டிக்கும் முதல் வேலையை மட்டும் செய்யும். இரண்டாவதற்கு மரம் வேண்டும்.

எந்த மரம்? நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய ரப்பர் மரத்தையே சொல்வேன். பால் வற்றியதும் வெட்டி எரித்துக்கொண்டிருந்த அந்த மரம் இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கியமான மூலப்பொருள். பட்டறைகளில் துண்டுகள் எளிதாகக் கிடைக்கும். அதில் மாவுச்சத்து அதிகம், ஆகையால் பூஞ்சையும் பூச்சியும் விரும்பும். போரான் உப்பில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்திய துண்டாகக் கேட்டு வாங்குங்கள். 8 மில்லிமீட்டர் கனப் பலகையில் 25க்கு 16 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்று பெட்டி செய்தால் மரத்தின் எடை அறுநூறு கிராமை ஒட்டி வரும். சுற்றுக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்திலிருந்து 80க்கு ஏறும்போது மரம் தன் எடையில் மேலும் ஐந்து சதவீதம் அளவுக்கு நீரை ஏற்கும். அறுநூறு கிராம் மரத்துக்கு அது 30 கிராம். நம்மைப் பயமுறுத்திய அரைச் சொட்டு இதன் முன் ஒன்றுமே இல்லை. அருங்காட்சியகங்களில் பழம்பொருள் வைக்கும் பேழைகளிலும் இதே தத்துவம்தான் பயன்படுகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மலைவீட்டில் கிடந்த மரம் ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கும். எண்பத்தைந்து சதவீத ஈரப்பதத்தில் வாழ்ந்த பலகையில் எடைக்கு 18 சதவீதம் வரை நீர் இருக்கலாம். அதைக் கொண்டு பெட்டி செய்து, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போட்டால், ஜெல் பலகையிலுள்ள நீரைத்தான் முதலில் இழுக்கும். சீக்கிரமே நிறம் மாறிப்போகும், ஜெல் மோசம் என்று தூக்கிப் போட்டுவிடுவோம். பலகையை முதலில் வெயிலிலோ அடுப்பங்கரை வெப்பத்திலோ நாள்கணக்கில் உலர்த்துங்கள். பெட்டியைச் சேர்த்ததும் வெளிப்பக்கம் முழுவதும் வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு. உட்பக்கம் வெறும் மரமாகவே இருக்கட்டும். அங்கே வார்னிஷ் அடித்தால் மரத்தின் வாயைக் கட்டியதாகிவிடும்.

அடிப்பலகைக்கு ஒரு செ.மீ. மேலே மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, அந்தப் பொய்த்தளத்தின் மேல் வாத்தியங்களைத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்துங்கள். மிஞ்சிய நீர் ரீடுகளை விட்டு இறங்கிவிடும். தளத்துக்கு அடியில் ஐம்பது கிராம் சிலிகா ஜெல். 50 சதவீத ஈரப்பதத்தில் அது பத்துப் பன்னிரண்டு கிராம் நீரைப் பிடித்து வைக்கும். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். நீல வகையில் இருக்கும் கோபால்ட் உப்பு உடலுக்குத் தீங்கானது. நிறைந்துவிட்ட ஜெல்லை, பொட்டலத்தில் குறித்துள்ள வெப்பத்தில் ஓவனில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

உப்பு ஜாடியில் அரிசி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அரிசிப் பொட்டலம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கடையில் வாங்கும் அரிசியிலேயே 13, 14 சதவீதம் நீர் இருக்கிறது. அது ஏறத்தாழ 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் நிற்கும். அதற்குக் கீழே காற்றை உலர்த்த அரிசிக்குச் சக்தியில்லை. நன்றாக வறுத்த அரிசி ஓரளவு உதவும். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தேயிலைத் தூளே கைக்குக் கிட்டும். உலர்ந்த தூள் ஈரத்தை இழுக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ரீடுக்கும் அது ஆடும் பிளவுக்கும் இடையே உள்ள சந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஒரு துகள் அங்கே சிக்கினால் அந்தச் சுரம் அவ்வளவுதான்.

அதே காரணத்துக்காக ஸ்பஞ்ச் மெத்தையும் வேண்டாம். பாலியூரித்தேன் ஸ்பஞ்சில் ஒரு வகை ஈர வெப்பத்தில் சில ஆண்டுகளில் தானாகவே உதிர்ந்து பிசுபிசுத்துப் போகும். ரப்பர் பட்டையிலும் கம்பளி ஃபெல்ட்டிலும் கந்தகம் உண்டு. செம்பு கலந்த உலோகங்களை அது கறுக்க வைக்கும். பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணிக்கு ஈடு எதுவுமில்லை. எம்.டி.எஃப். பலகையும் கூடாது. அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு நாளடைவில் ஃபார்மிக் அமிலமாகி மூடிய பெட்டிக்குள் உலோகத்தை அரிக்கும்.

பித்தளையைப் பற்றி இந்தியாவிலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் இராணுவம் அங்கே வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே வெடிப்பு விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. கிடங்காகப் பயன்பட்டவை குதிரை லாயங்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக் காற்றில் கலந்து, இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து கூடுகளைப் பிளந்திருக்கிறது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். இறுக்கம், ஈரம், அம்மோனியா மூன்றும் ஒன்றுகூட வேண்டும். மவுத் ஆர்கனின் ரீடும் பெரும்பாலும் பித்தளைதான். ஒரு முனையில் அறைந்து பொருத்தப்பட்டு, நடுச் சுரங்களில் வினாடிக்கு நானூறு ஐந்நூறு முறை வளைந்து நிமிரும் உலோக நாக்கு. கேமரன் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கோழி எருவும் யூரியாவும் குவித்து வைக்கும் காய்கறித் தோட்டங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பெட்டியை உரக் கொட்டகையிலோ அதை ஒட்டிய அறையிலோ வைக்காதீர்கள். பித்தளையை மினுக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, அவற்றை ரீடின் அருகே கொண்டுபோகாதீர்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்ப்பதும் கூடாது. ரீடின் நுனியில் துளி உலோகம் குறைந்தாலும் சுரம் ஏறிவிடும். அடிப்பக்கம் குறைந்தால் இறங்கிவிடும்.

காற்றில் தானாக ஆடும் இந்த நாக்கு நம் பக்கத்துச் சொத்துதான். சீனாவின் ஷெங் வாத்தியம் பழமையானது. சபாவின் கடசான்-டூசுன் மக்கள் சுரைக்குடுக்கையில் மூங்கில் குழல்களைச் செருகி, தேன்மெழுகால் அடைத்துச் செய்யும் சொம்போத்தோனிலும் இதே தத்துவம்தான். ஐரோப்பா இதை உலோகத்தில் செய்யக் கற்றது 18ஆம் நூற்றாண்டிலிருந்து. ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் பட்டறை வைத்து முதல் ஆண்டில் 650 வாத்தியங்கள் செய்தார். அந்தக் குளிர் நாட்டுக்காரர்கள் வகுத்த உறை அவர்கள் ஊருக்குச் சரி.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் பாதி வைத்தியம். 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை அதே நீராவியோடு 24 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 63க்கு இறங்கிவிடுகிறது. ஆறு டிகிரிதான் வித்தியாசம். வெளிச்சுவர் எப்போதும் சில்லென்றிருக்கும், அங்கே வேண்டாம். அடுப்படிச் சுவரின் மறுபக்கம், ஆவி படாத உயரத்தில் ஒரு தட்டு இருந்தால் அதுவே நல்ல இடம். வாசித்து முடித்ததும் வாத்தியத்தைத் தட்டி உதறி, அந்தத் தட்டிலேயே ஒரு மணி நேரம் திறந்து வைத்து, பிறகு பெட்டிக்குள் வையுங்கள். மரச் சீப்பு (துளைகளைப் பிரிக்கும் நடுச் சட்டம்) உள்ள வாத்தியமானால் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சீப்பு ஊதிப் புடைத்தால் உதட்டைக் கிழிக்கும், அளவுக்கு மேல் காய்ந்து சுருங்கினால் காற்று கசியும். 45 முதல் 60 சதவீதம் என்பது இரண்டுக்கும் பொருந்தும் அளவு.

அந்த அளவைப் பார்க்க மலிவான ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போடலாம். மலிவானவை பொய் சொல்லும்; சோதிக்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியளவு உப்பில் சேறாகும்வரை சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். உப்புச் சேற்றின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். மானி 80 காட்டினால் அது ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிவிடலாம்.

வாத்தியமே இன்னும் நுட்பமான மானி. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் டிரெமோலோ வகையில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள், வேண்டுமென்றே சற்றுப் பிசகாகச் சுருதி சேர்த்தவை. ஒன்று வினாடிக்கு 440 முறையும் மற்றொன்று 443 முறையும் அதிர்ந்தால் ஒலி வினாடிக்கு மூன்று தடவை அலையும். ஒரு ரீடில் பச்சைக் களிம்போ அழுக்கோ ஏறினால் அது மெல்ல இறங்கும், அலைவின் வேகம் மாறும். பெட்டி செய்த அன்று ஒவ்வொரு சுரத்தையும் பத்து வினாடி நீட்டிப் பிடித்து அலைவுகளை எண்ணி மூடியின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழை முடிந்ததும் மறுபடி எண்ணிப் பாருங்கள். எண்கள் மாறவில்லையென்றால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது.