புயல் அடித்தால் தவணை நிற்கும்

தொடர் – 9

ஏழை நாடுகளின் காலநிலை நடவடிக்கைகளுக்கு 2020 வாக்கில் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் கொடுத்த வாக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-இல்தான். அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. அரசுகள் வழியாக வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். புயலில் போனதைத் திரும்பக் கட்ட வாங்கும் பணத்துக்கும் பெரும்பாலும் அசல் உண்டு, வட்டி உண்டு.

அப்படியென்றால் அந்தக் கடனையாவது நியாயமாகக் கொடுக்க முடியாதா? முடியும் என்று கரீபியன் கடலிலுள்ள கிரெனடா காட்டியிருக்கிறது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஜாதிக்காய்க்குப் பேர்போன தீவு; தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. 2004 செப்டம்பரில் இவான் புயல் தாக்கியபோது, உலக ஜாதிக்காய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் அதற்கு. பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. ஜாதி மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்துபோயின. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. ஜாதிக்கன்று நட்டுக் காய் பார்க்க ஏழெட்டு வருடமாகும். சேதத்தின் மதிப்பு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்கு. எழுந்து நிற்பதற்குள், மறு ஆண்டே எமிலி புயல்.

கடன் பத்திரங்களுக்கு வட்டி கட்டும் தேதி மட்டும் அப்படியே இருந்தது. கடனை ஒரு முறை மாற்றியமைத்தும் தாங்கவில்லை; 2013-இல் மறுபடியும் தவணை தவறியது. அடுத்து நடந்த பேச்சுவார்த்தையில் கிரெனடா ஒரு நிபந்தனையைக் கேட்டு வாங்கியது. புயல் சேதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தவணையைத் தள்ளிப்போடலாம், அதைக் கடன் தவறியதாகக் கொள்ளக் கூடாது.

சேதத்தை யார் அளப்பது? இங்கேதான் சூட்சுமம். கரீபியன் நாடுகள் 2007-இல் கூட்டாகத் தொடங்கிய காப்பீட்டு நிதியம் ஒன்று உண்டு. காற்றின் வேகம், புயலின் பாதை போன்றவற்றை வைத்துக் அதன் கணினி மாதிரி ஒன்று சேதத்தைக் கணக்கிடும். வீடு வீடாகக் கணக்கெடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை; காப்பீட்டுத் தொகை இரண்டு வாரத்தில் வந்துவிடும். தவணைக்கான நிபந்தனையும் இதே கணக்கோடு பிணைக்கப்பட்டது.

2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாகூ தீவில் கரையேறியது. அங்கே சேதமாகாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. காப்பீடாக 4 கோடி டாலருக்கு மேல் வந்தது. நவம்பரில் கட்ட வேண்டிய தவணையை அரசு தள்ளிப்போட்டது. கடன் கொடுத்தவர்களிடம் கெஞ்சவில்லை, வழக்குக்கு அஞ்சவில்லை. கையெழுத்திட்ட பத்திரமே அனுமதித்தது.

இது தள்ளுபடி அல்ல. நிறுத்திவைத்த வட்டி அசலோடு சேரும். ஆனாலும் கூரையில்லாத பள்ளிக்குக் கூரை போட வேண்டிய மாதத்தில் கையிலிருக்கும் ஒரு டாலர், மூன்று வருடம் கழித்து வரும் மூன்று டாலரைவிடப் பெரிது என்றே நான் நினைக்கிறேன்.

பார்படாஸ் பிரதமர் மியா மோட்லி இத்தகைய நிபந்தனையை உலக மேடைகளில் விடாமல் வலியுறுத்தினார். 2023-இல் உலக வங்கியும் சிறு நாடுகளுக்கான கடன்களில் இத்தகைய சலுகையை அறிவித்தது. தனியார் முதலீட்டாளர்கள் வாங்கும் பத்திரங்களில்தான் இது இன்னும் அபூர்வம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்பு. புயலுக்குப் பிறகு கடன்பட்ட நாட்டுக்கு அந்தத் தெம்பு இருக்காது. கிரெனடாவுக்கே இது கிடைத்தது, பத்து வருடத்துக்குள் இரண்டு முறை கடனில் முடங்கிய பிறகுதான்.

(தொடரும்)