பேர் விழும் இடம்

தேயிலைத் தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். நிறை சரியாகக் கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர் விழும். நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர்தான். செக்ரோல் என்னும் வருகை ஏட்டில் பேர் விழாத நாள், எவ்வளவு வியர்வை சிந்தியிருந்தாலும், வேலை செய்யாத நாளாகவே நின்றுவிடும். நுவரெலியா, ஹட்டன் மலைகளில் பிறந்த எவருக்கும் பழக்கமான இச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதேசத்தில் சுகாதாரத்திலும் சமூக சேவையிலும் எத்தனை பேர் தொழில் செய்கிறார்கள் என்பதை அரசாங்கம் எவ்வாறு அறிகிறது என்று பார்ப்போமானால், அங்கும் பேர் எந்த ஏட்டில் விழுகிறது என்பதே முதற் கேள்வியாக நிற்பது விளங்கும்.

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் நடத்திவரும் தொழிற்படை அளவீட்டில், தெரிந்தெடுத்த வீடுகளுக்கு உத்தியோகத்தர் சென்று, ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதையும், அவர் வேலை செய்யும் ஸ்தாபனம் என்ன காரியத்தை நடத்துகிறது என்பதையும் தனித்தனியே கேட்டுக் குறிக்கிறார். ஐக்கிய நாடுகள் சபையின் துறைப் பட்டியலில் சுகாதாரமும் சமூகப் பணியும் ஒரே பிரிவு. ஆஸ்பத்திரியும் முதியோர் இல்லமும் குழந்தைக் காப்பகமும் அதனுள் அடங்கும். ஆயின், ஒரு ஸ்தாபனம் பல காரியங்களைச் செய்தால் அதன் பிரதான காரியத்தைக் கொண்டே வகுக்க வேண்டும் என்பது நெறி. நல்ல நெறிதான், ஆனால் தேயிலைத் தோட்டத்துக்கு வரும்போது இடறுகிறது.

தோட்டம் என்பது மலையும் தொழிற்சாலையும் மாத்திரமன்று. கோப்பிக் காலத்திலேயே, 1872-இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச்சட்டம் பிறந்தது. 1912-இல் மற்றொன்று வந்தது. 1939-இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் சேர்ந்தது. இவ்வாறு டிஸ்பென்சரியும் மருத்துவச்சியும் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் துரைமாரின் சம்பளப் பட்டியலுக்குள் வந்து அமர்ந்தன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் கம்பெனிகளின் கைக்கு மாறி, தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பழைய அமைப்பு முற்றாகக் கலைந்துவிடவில்லை.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும், தாய்மார் முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக வந்து, பிள்ளைக் காம்பராவின் வாசலில் ஆயாவின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலையேறுகிறார்கள். நான் பார்த்த ஓர் ஆயா, பிள்ளையை வாங்கியதும் முதற்காரியமாக அதன் மார்பில் காதை வைத்து, இரவெல்லாம் லயத்து அடுப்புப் புகையில் கிடந்த அந்தச் சின்ன நெஞ்சிலே இரைப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தால் டிஸ்பென்சரிக்கு ஆள் போகும். வைத்திய சேவையின் முதற்படி இதுவல்லவா? மாலையில் அவளுடைய பேர், கொழுந்து எடுத்தவளின் பேர் விழுந்த அதே ஏட்டில் விழுகிறது. கணக்கெடுக்க வருபவர் சம்பளம் கொடுப்பவர் யார் என்று மட்டும் கேட்டுத் தேயிலை என்று குறித்துக்கொண்டால், அவள் விவசாயத்தில் சேர்ந்துவிடுகிறாள்.

இதற்கு மருந்து அளவீட்டின் படிவத்திலேயே உண்டு. துறையோடு நில்லாமல் தொழிலையும் சேர்த்து இரண்டையும் குறுக்கே வைத்துப் பார்த்தால், விவசாயத் துறைக்குள் மறைந்திருக்கும் ஆயாவும் மருத்துவச்சியும் வெளிப்படுவார்கள். ஆனால் மாவட்ட அளவில் அது மட்டும் போதாது. 2012 தொகைமதிப்பில் நுவரெலியா மாவட்டத்தின் ஜனத்தொகை 711,644. பாதிக்கு மேற்பட்டோர் தோட்டப்புறத்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வேக்காட்டை அறிய உதவும். சோற்றில் விரவிய பருப்பு எத்தனை என்று அறிய உதவாது. அத்தனை பேரிடையே தெரிந்தெடுத்த சில வீடுகளில் மருத்துவச்சி ஒருத்தியேனும் அகப்படாமலே போகலாம். ஆகவே சுகாதார அமைச்சின் ஆளணிப் பதிவேட்டையும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பதிவுகளையும், கம்பெனிகளின் சம்பளப் பட்டியலையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேயாக வேண்டும் என்பேன்.

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியால் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12-ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அங்கே பிரசவ வலியோடு வரும் பெண்ணிடம் தமிழிலே பேசக்கூடிய தாதியர் எத்தனை பேர் வேண்டும், மலையகப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் எதிர்பார்த்து நிற்கின்றன.

இதற்கிடையில், படிப்பை முடித்த பெண்கள் பலர் கொழும்பில் மூத்தோரைப் பராமரிக்க ஹட்டனிலிருந்து பஸ் ஏறுகிறார்கள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வேளை தவறாமல் மருந்தூட்டும் அப்பெண், சம்பளம் கொடுப்பது அந்த வீடாகையால், துறைப் பட்டியலில் வீட்டுப் பணியாளர் பிரிவிலே போய்ச் சேருகிறாள். மலையில் பிள்ளை பார்த்த அவள் பாட்டியின் பேர் தேயிலையில் விழுந்திருந்தது.