கொலிஸ்டினும் ஒரு கொழுப்பின் மின்னூட்டமும்

ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவின் செல்சுவரையோ புரத உற்பத்தியையோ தாக்குபவை. கொலிஸ்டின் குறிவைப்பது சவ்விலுள்ள கொழுப்பை. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் ‘லிப்பிட் ஏ’ என்ற கொழுப்பு உண்டு. அதன் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கப் பார்க்கும் அவற்றைக் கால்சியம், மக்னீசியம் அயனிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட கொலிஸ்டின் அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அவற்றின் இடத்தில் உட்கார்ந்து, தன் கொழுப்பு வாலைச் சவ்வுக்குள் செருகுகிறது. சவ்வு குலைந்து பாக்டீரியா சாகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கப்பட்ட இந்த மருந்து, மற்றவை தோற்கத் தொடங்கியதும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசி ஆயுதமாகத் திரும்பி வந்தது.

புரதத்தைத் தாக்கும் மருந்திடமிருந்து ஒரே மரபணு மாற்றத்தால் தப்பிவிடலாம். பல நொதிகள் சேர்ந்து கட்டும் கொழுப்பை அவ்வளவு எளிதில் மாற்ற முடியுமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் கொழுப்பு மாற வேண்டியதில்லை, அதன் மின்னூட்டம் குறைந்தாலே போதும். 2015இல் சீனாவில் கண்டறியப்பட்ட எம்சிஆர்-1 மரபணு அதைத்தான் செய்கிறது: லிப்பிட் ஏ-வின் பாஸ்பேட்டில் பாஸ்போஎத்தனாலமைனை ஒட்டிவிடுகிறது, கொலிஸ்டினுக்குப் பிடிமானம் தளர்ந்துபோகிறது. இம்மரபணு பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் முடிகிறது. முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஸ்டாபிலோகாக்கஸும் டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிராகத் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினைச் சேர்த்து இதே வழியில் தப்புகிறது. சில அசினெட்டோபாக்டர்களோ லிப்பிட் ஏ-வையே கைவிட்டு வாழ்கின்றன.

இப்படி மாறும் பாக்டீரியா நலிந்துபோகும், மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பும் மறையும் என்பார்கள். இதில் பாதி உண்மை. கால்நடைகளைக் கொழுக்க வைக்கத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. அதன்பின் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் எம்சிஆர்-1 குறைந்தது. ஆனால் அது தானாகக் குறையவில்லை, பயன்பாடு நின்றதால் குறைந்தது. கிளெப்சியெல்லாவில் எம்ஜிஆர்பி மரபணு பழுதடைந்து வரும் எதிர்ப்போ பாக்டீரியாவை அவ்வளவாக நலிவடையச் செய்வதும் இல்லை. கொலிஸ்டினை நிறுத்தினால் பண்ணைக்காரரின் பிழைப்பு என்னாவது என்றும் கேட்கலாம். நோயுற்ற கோழிக்கு மருத்துவம் வேண்டும், அதற்கு வேறு மருந்துகள் உண்டு. எடை கூட்டுவது மருத்துவமே அல்ல. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. பண்ணை வைத்திருப்பவர்கள் தீவன மூட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் வாங்கும்போது அவற்றில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கொலிஸ்டின் என்றிருந்தால் வாங்காதீர்கள்.