பிசாசு வந்தது, பயம் போயிற்று!

பயப்பட வேண்டுமென்று தானே ஆசைப்பட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும் பிராணி உலகில் மனிதன் ஒருவன்தான். அப்படி உட்கார்ந்தவனுக்குப் பயமே கிட்டாமற் போனால் அவன் கோபம் கொள்வது நியாயமே அல்லவா? 1999-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் வெளிவந்த 'தி ஹாண்டிங்' என்னும் படத்தைச் சமீபத்தில் குடும்பத்தோடு பார்த்தபோது எனக்கு அத்தகைய கோபம் உண்டாயிற்று.

கதை நல்ல கதை. அமெரிக்க எழுத்தாளரான ஷிர்லி ஜாக்சன் அம்மையார் 1959-இல் எழுதிய நாவல் அதற்கு மூலம். ஹில் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் ஆவிகளின் நடமாட்டம் உண்டா என்று ஆராய ஓர் அறிஞர் சிலரை அழைக்கிறார். வந்தவர்களுள் எலினார் என்பவள் நோயாளியான தாய்க்குப் பதினோரு வருஷம் பணிவிடை செய்து இளமையைக் கழித்தவள். ஓரிரவு தாய் சுவரைத் தட்டி அழைத்தாள், மகள் போகவில்லை, தாய் இறந்துவிட்டாள். அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்து வந்தவளுடைய அறைச் சுவரை, நள்ளிரவில் ஏதோ ஒன்று தட்டுகிறது! அவளுக்கு அவ்வோசை எத்தகையது என்பதை அறிந்த நமக்கு நெஞ்சு நடுங்காமல் என்ன செய்யும்?

இந்தக் கதையை 1963-இல் ராபர்ட் வைஸ் என்ற டைரக்டர் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். அதில் பிசாசு கண்ணுக்குத் தென்படுவதே இல்லை. கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கிறது, அவ்வளவுதான். மற்றோரிடத்தில், எலினார் இருட்டில் தோழியின் கையை இறுகப் பற்றிக் கொண்டிருக்கிறாள். விளக்கு எரிகிறது. தோழியோ எட்டாத தூரத்தில் இருக்கிறாள்! பற்றியிருந்தது யாருடைய கை? படம் விடை சொல்லவில்லை.

1999-ஆம் வருஷத்துப் படத்திற்குச் சுமார் எட்டுக் கோடி டாலர் செலவாயிற்று. டைரக்டர் ஜான் டி பான்ட். மாளிகையின் மண்டபங்களும் படிக்கட்டுகளும் கண்கொள்ளாக் காட்சி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எலினாராக நடிக்கும் லிலி டெய்லரும் தம்மால் இயன்றதைக் குறைவின்றிச் செய்கிறார். ஆனால் கம்ப்யூட்டரின் உதவியால் மரச் சிற்பங்கள் முகத்தைத் திருப்புகின்றன. சிலைகள் உயிர் பெறுகின்றன. இறுதியில், இறந்துபோன வீட்டுக்காரனே புகை வடிவில் பிரம்மாண்டமாக எழுந்து நிற்கிறான். எலினாரோ அவனுடைய வம்சத்தோடு சம்பந்தப்பட்டவளாகி, அவன் சிறைப்படுத்திய குழந்தைகளின் ஆவிகளை மீட்கும் வீராங்கனையாகிவிடுகிறாள். தாயின் ஞாபகம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

குறை இங்கேதான் இருக்கிறது. பிசாசுக்குப் பெயரும் உருவமும் கொடுத்துவிட்டால் அது வெறும் வில்லன். வில்லனோடு சண்டை போடலாம். மனச்சாட்சியோடு சண்டை போட முடியுமா? பயம் பிறப்பது மனச்சாட்சியில். எட்டுக் கோடி டாலர் அந்த இடத்தை எட்டவில்லை.

இந்தப் படத்தைப் பார்த்த என் பத்து வயதுப் பையன், "அப்பா, எல்லாம் பொம்மை!" என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போனான். மறுநாள் இரவு பழைய படத்தைப் போட்டேன். முடிந்ததும் கொல்லைப்புறம் போக என்னைத் துணைக்கு அழைத்தான். இருட்டில் என் கையைப் பற்றிக்கொண்டான்.

அது அவன் கைதானா என்று நானும் ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.