காயில் திருப்பிக் கொடுக்கும் கரண்ட்

பழைய சோக் போட்ட 40 வாட் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் மீட்டரை ட்யூபின் இரு முனைகளில் வைக்கிறார்: சுமார் 105 வோல்ட். சோக்கில் வைக்கிறார்: சுமார் 200. கூட்டினால் 305. வீட்டுக்கு வருவதோ 230தான். மீட்டரில் கோளாறு இல்லை. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிணற்று மோட்டார்களின் சங்கதியும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. டீயை ஆற்றிக் குடித்தபடியே பார்க்கலாம்.

சோக் என்பது இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய கம்பி, அதாவது காயில். கரண்ட் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும். கரண்ட் மாறினால் புலமும் மாறும். மாறும் புலம் அதே கம்பியில் ஓர் எதிர் வோல்டேஜைக் கிளப்பும். ஃபாரடேயும் ஹென்றியும் 1830களில் கண்டறிந்த குணம் இது. ஓடுகிற கரண்டோடு காயிலுக்குப் பகையில்லை. அது மாறினால்தான் மல்லுக்கு நிற்கும்.

நெல்மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: தள்ளுவது வோல்டேஜ், வேகம் கரண்ட். தள்ளியதும் மெல்லத்தான் வேகமெடுக்கும். ஒரே பக்கமாகத் தள்ளினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றித் தள்ளினால், வேகமெடுப்பதற்குள் மறுபக்கம் இழுபடும். எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோமோ, அவ்வளவு குறைவாக அசையும்.

நம் ஏசி மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அடிக்கிறது. 1 ஹென்றி அளவுள்ள காயில் அதற்குக் காட்டும் மின்மறுப்பு 2 × 3.14 × 50, அதாவது 314 ஓம். அதே சோக்குக்கு 230 வோல்ட் டிசி கொடுத்தால் கம்பியின் சொந்தத் தடை மட்டுமே மிஞ்சும்; கரண்ட் எகிறிச் சோக் கருகிவிடும்.

இன்னொன்று: தள்ளுவிசை ஓயும் நேரத்தில்தான் வண்டி உச்ச வேகத்தில் இருக்கும். காயிலிலும் அப்படியே. வோல்டேஜ் உச்சம் தொட்டு கால் சுற்று, அதாவது 5 மில்லிநொடி, கழித்தே கரண்ட் உச்சம் தொடும். அதனால் சோக்கின் வோல்டேஜும், கரண்டோடு சேர்ந்தே உச்சம் தொடும் ட்யூபின் வோல்டேஜும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. அவற்றை நேராகக் கூட்டாமல் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொள்ளுங்கள்: 105ஐயும் 200ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 226. மீதிச் சில வோல்ட், சோக் கம்பியின் தடைக்குரியது.

சுற்றின் ஒரு பகுதியில் காயில் ஆற்றலைக் காந்தமாக வாங்கி வைக்கிறது. அடுத்த பகுதியில் லைனுக்கே திருப்பிக் கொடுக்கிறது. சோக் உண்மையில் வெப்பமாகத் தின்பது பத்துப் பதினைந்து வாட்தான்.

பம்ப்செட் மோட்டாரின் உள்ளேயும் காயில்தான். 5 ஹெச்பி மோட்டார், 80 சதவீதத் திறன், திறன் காரணி (பவர் ஃபேக்டர்) 0.75 என்று வைத்துக்கொண்டால், 415 வோல்ட் த்ரீ பேஸில் சுமார் 8.6 ஆம்பியர் இழுக்கும். அதில் ஒரு பங்கு வேலை செய்யாமல் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் கிணற்றுக்கும் இடையே போய்வருகிற கரண்ட். கெப்பாசிட்டரின் குணம் இதற்கு நேர்மாறு: காயில் வாங்கும் நேரத்தில் அது கொடுக்கும். ஸ்டார்ட்டர் பக்கத்தில் 2 கேவிஏஆர் கெப்பாசிட்டர் இருந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கலில் பாதி கொட்டகைக்குள்ளேயே முடிந்துவிடும். லைனில் வருவது 7.1 ஆம்பியராகக் குறையும். கம்பி சூடாகி வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்.

“விவசாயத்துக்கு 1990லிருந்து கரண்ட் இலவசம். குறைந்தால் எனக்கென்ன?” என்று கேட்கலாம். நடவுக் காலத்தில் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் எல்லா மோட்டாரும் ஓடும்போது லைன் கடைசியில் வோல்டேஜ் படுத்துவிடும். அதே தண்ணீரை இறைக்க மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும்; காயில் புகையும். ரீவைண்டிங் கூலி இலவசம் இல்லை.

கெப்பாசிட்டர் கொட்டகையில் தொங்கினால் மட்டும் போதாது. உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, லைன் உள்ளே வரும் இடத்தில், கெப்பாசிட்டரை இணைத்தும் கழற்றியும் க்ளாம்ப் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். இணைத்தபோது ஆம்பியர் இறங்காவிட்டால் மாற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். நீங்களாகக் கை வைக்காதீர்கள்.